நமச்சிவாயம் இன்னும் சேர்க்கவில்லை

நமச்சிவாயம் பத்தொன்பது வருடமாக ஒரே கம்பெனியில் நிரல் எழுதுகிறார். செங்கல்பட்டைத் தாண்டி இருக்கும் அந்த வளாகத்துக்குக் காஞ்சிபுரத்திலிருந்து காலை ஆறு நாற்பதுக்குக் கம்பெனி பஸ் புறப்படும். ஆறரைக்கே அவர் மூன்றாவது வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். மடியில் பை, பையின் மேல் கை. இத்தனை வருடத்தில் தன் நிரலால் ஒரு தவறும் நேர்ந்ததில்லை என்று சொல்வார். அதை மறுக்க யாரிடமும் ஆதாரம் இல்லை. ஆதாரம் இருக்க வழியும் இல்லை.

கம்பெனி வேலை செய்த விதம் அப்படி. வெளிநாட்டு இன்சூரன்ஸ்காரர்களுக்கான மென்பொருள். எழுதுபவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர், முப்பத்தோரு அணிகள். ஒவ்வொருவரும் பொது நிரலிலிருந்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டு தனியாக எழுதுவார்கள். அந்தப் பிரதிக்குக் கிளை என்று பெயர். மாதக் கடைசி வாரத்தில் எல்லாக் கிளைகளையும் பொது நிரலோடு சேர்ப்பார்கள். சேர்த்ததும் எதுவும் ஓடாது. நானூறு பேர் ஒரே சமயத்தில் கை வைத்த சாம்பாரில் உப்பை யார் அதிகம் போட்டது என்று கண்டுபிடிக்க முடியுமா? ஒரு வாரம் கத்துவார்கள். யார் மேலும் பழி நிற்காது. எப்படியோ ஓடத் தொடங்கும். கேக் வெட்டுவார்கள்.

அந்த வாரம் முழுக்க நமச்சிவாயம் அமைதியாக இருப்பார்.

"என்னுது முதல் நாளே போயிட்டுதுப்பா," என்பார். "என் பக்கம் ஒண்ணும் இல்ல."

ஜனவரியில் இது மாறியது. மாற்றுகிற பொறுப்பை லில்லியிடம் கொடுத்தார்கள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. அதே பஸ்ஸில் ஐயம்பேட்டையில் ஏறுவாள். அப்பா சாமுவேல் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் மெஷின் பார்க்கிறவர். மெஷின் நின்றால் மூட்டையோடு வந்தவர்கள் அத்தனை பேரும் நிற்க வேண்டும், அதனால் உடனே சரி செய்துவிட வேண்டும் என்பது அவளுக்குக் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே தெரியும்.

முதல் கூட்டத்தில் அவள் பேசியது இரண்டு நிமிடம்.

"தினம் ஒரு தடவையாவது மெயின் கோடோட சேருங்க. கொஞ்சம் கொஞ்சமா சேருங்க. சேர்த்ததும் மெஷின் மொத்தக் கோடையும் ஒண்ணா பில்ட் பண்ணி ஆறாயிரம் டெஸ்ட் ஓட்டும். பன்னெண்டு நிமிஷம். ஓடினா பச்சை, ஓடலைன்னா சிவப்பு. சிவப்பு வந்தா பத்து நிமிஷத்துல சரி பண்ணுங்க. முடியலையா, சேர்த்ததை வெளியே எடுத்துடுங்க. அவ்ளோதான்."

ஒரு மேலாளர் கை தூக்கினார். "உடைச்சவங்களுக்கு இன்னா தண்டனை?"

"ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப எதுக்கு உடைக்காம இருப்பாங்க?"



தண்டனை இல்லை, மெயில் உண்டு. சிவப்பு வந்தால் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மெயில் போகும். முதல் வரியில் சேர்த்தவர் பெயர். காபி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு டிவியும் மாட்டினார்கள். அதில் முப்பத்தோரு கட்டங்கள், அணிக்கு ஒன்று.

தொடக்கத்தில் வினோதங்கள் நடந்தன. நாள் முழுவதும் சும்மா இருந்துவிட்டு ஐந்து மணிக்குச் சேர்த்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்கள். சிவப்பு வரும்போது ஆள் மறைமலைநகரில் இருப்பார். நாலரைக்கு மேல் யாரும் சேர்க்கக் கூடாது என்று லில்லி விதி போட்டாள். ஒன்பதாவது அணியினர் தோற்ற டெஸ்ட்களை அழித்துவிட்டு, இரண்டு நாள் தொடர்ந்து பச்சை காட்டியதற்காக ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டார்கள். லில்லி டெஸ்ட்களைத் திரும்பப் போட்டாள். ஐஸ்கிரீமைப் பற்றி ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிப்ரவரியில் பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். பழக்கம் மாறாமல் கருவி மட்டும் மாறிப் பயனில்லை என்பது அவர் கட்சி. நமச்சிவாயம் காஞ்சிபுரம், பட்டு நெய்கிற குடும்பம் என்று கேள்விப்பட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பாவும் ஊடும் ஒவ்வோர் இழையாகச் சேர்வதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார். எல்லோருக்கும் புரியும்படி ஒரு நல்ல உவமை கிடைக்கும் என்று நினைத்தார்.

நமச்சிவாயம் நாற்பது நிமிடம் பேசினார். தறியில் இருக்கும் புடவையைப் பார்த்து 'எவ்வளவு ஆச்சு' என்று கேட்பது தங்கள் வீட்டில் வழக்கம் இல்லை என்றார். கேட்டால் இழை அறும். நெய்து முடித்து, அறுத்து, மடித்து வைத்த பிறகுதான் இன்னொருவர் கண்ணில் காட்ட வேண்டும். பாதியில் காட்டுகிறவன் வேலைக்காரன் இல்லை, வேடிக்கை காட்டுகிறவன். இதை அப்பா சொல்லித் தான் கேட்டு வளர்ந்ததாகவும், நிரல் எழுதுவதிலும் அப்படியே இருந்துவருவதாகவும் சொன்னார். கைதட்டினார்கள். பயிற்சியாளர் மட்டும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சைப் பதிவுசெய்து கம்பெனியின் பயிற்சிப் பக்கத்தில் ஏற்றினார்கள். முந்நூறு பேர் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அவரிடம் எவ்வளவு ஆச்சு என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. தினமும் காலையில் அவருடைய ஏழாவது அணி பத்து நிமிடம் நின்றபடி கூடும். அவரவர் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று சொல்வதற்கான கூட்டம். அதை நடத்துகிற விக்ரமுக்கு இருபத்து நான்கு வயது. நமச்சிவாயத்தின் முறை வந்ததும் அவனுக்கு வியர்க்கும்.

"சார்... உங்களுது... நல்லா இருக்குதா சார்?"

"நல்லா இருக்குதுப்பா."

"சரி சார்."

நமச்சிவாயம் எழுதிக்கொண்டிருந்தது, பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்கிற கணக்கு. பழைய நிரலை முழுவதும் பிரித்துப் புதிதாக எழுதினார். மார்ச் நடுவில் மற்ற முப்பது கட்டங்களும் பச்சையும் சிவப்புமாக மினுக்கிக்கொண்டிருக்க, ஏழாவது கட்டம் மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது. அணியில் ஒருவர் வெகுநாள் சேர்க்காவிட்டாலும் கட்டம் அப்படித்தான் நிற்கும். உள்ளே ஓர் எண். கிளை பிரிந்து எத்தனை நாள் ஆயிற்று என்பது. விருந்தினர்கள் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

"அது சிவப்பு இல்லையே," என்பார் நமச்சிவாயம்.

உண்மையில் நாற்பதாவது நாள் அவர் ஒரு காரியம் செய்தார். அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். பொது நிரலை இறக்கித் தன் கம்ப்யூட்டரிலேயே தன் கிளையோடு சேர்த்து, யாருக்கும் தெரியாமல் ஓட்டிப் பார்த்தார். அறுபத்து மூன்று டெஸ்ட்கள் தோற்றன. லேப்டாப் மூடியைச் சாத்திவிட்டு அவரும் சாப்பிடப் போனார். மோர்க்குழம்பு நன்றாக இருந்தது என்று தேவையில்லாமல் இரண்டு பேரிடம் சொன்னார். அதற்குப் பிறகு ஓட்டிப் பார்க்கவில்லை. இப்போது சேர்த்தால் நிச்சயம் சிவப்பு. நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மெயில். முதல் வரியில் நமச்சிவாயம். சேர்க்காமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தச் சிவப்பு பெரிதாகிக்கொண்டிருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். அவர் கணக்கில் கெட்டிக்காரர்.

லில்லி பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்காரத் தொடங்கினாள்.

"சார், கொஞ்சமா சேர்த்துடுங்களேன்."

"கொஞ்சமான்னா?"

"ஒரு ஃபங்ஷன். ரெண்டு ஃபங்ஷன்."

"முந்தி இல்லாம புடவைய கடைக்கு அனுப்புவாங்களாம்மா?"

"கடைக்கு யாரு சார் கேட்டா? எங்களுக்குக் காட்டுங்கன்றேன்."

"முடிஞ்சதும் காட்டறேன்."

"எப்ப சார் முடி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். முன் சீட்டில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

எழுபத்தோராவது நாள் வியாழக்கிழமை. லில்லி போனை நீட்டினாள். மே மாதம் அவள் அக்கா கீர்த்திக்குக் கல்யாணம்.

"சார், நீங்க பட்டு வீட்டுக்காரரு. இத பாத்துச் சொல்லுங்க."

படத்தில் தறியில் ஒரு சந்தனநிறப் புடவை. குறுக்கே ஒரு டேப் கிடந்தது. கீழே, 'இன்று வரை இரண்டு முழம் ஒரு சாண்' என்று எழுதியிருந்தது. தறிக்குப் பின்னால் பச்சை ஜன்னல். ஜன்னல் கம்பியில் காய்ந்த நீலத் துண்டு நமச்சிவாயத்துடையது.

"யாரு நெய்யறாங்க?" என்று கேட்டார்.

"பிள்ளையார்பாளையத்துல ஜெயக்குமார்னு ஒருத்தரு. ரொம்ப நல்ல மனுஷன் சார். தினம் சாயந்திரம் டான்னு போட்டோ வந்துடும். உங்களுக்குத் தெரியுமா?"

"பாத்திருக்கேன்," என்றார் நமச்சிவாயம். ஜெயக்குமார் அவருடைய கூடப்பிறந்த அண்ணன். கீழ்வீட்டில் ஐந்து தறி ஓட்டுகிறார். நமச்சிவாயம் மாடியில் இருக்கிறார்.

"மொதல்ல புட்டாப் பூ ரொம்ப நெருக்கமா இருக்குதுன்னு அக்கா சொன்னா. அப்ப அரை முழம்தான் ஆயிருந்துச்சு. அது உள்ளே சொருகற பக்கம், வெளியே தெரியாது, இனிமே தள்ளித் தள்ளிப் போடறேன்னுட்டாரு. முழுசா நெய்ஞ்சப்புறம் சொல்லியிருந்தா இன்னா சார் பண்றது?"

நமச்சிவாயம் வெளியே பார்த்தார். வாலாஜாபாத் வந்துவிட்டது. மூட்டை ஏற்றிய லாரிக்குப் பின்னால் பஸ் நின்றது. அவள் வேண்டுமென்றேதான் காட்டினாளா என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. அவள் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தவர் மாடிக்குப் போகாமல் நேராகத் தறி அறைக்குள் நுழைந்தார். ஜெயக்குமார் போனும் கையுமாகக் குனிந்திருந்தார்.

"அண்ணே, இன்னா பண்ணிக்கினு இருக்கே?"

"போட்டோ எடுக்கறேன். லைட்ட மறைக்காத. தள்ளி நில்லு."

"டேப் வெச்சு அளக்கறே."

"அளக்காம எப்பிடிடா சொல்றது? கஸ்டமர் கேக்கறாங்க இல்ல."

"தறியில இருக்கறத எவ்வளவு ஆச்சுன்னு கேக்கவே கூடாதுன்னு அப்பா..."

ஜெயக்குமார் நிமிர்ந்தார். தம்பி விளையாடவில்லை என்று தெரிந்ததும் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்துத் தறியில் இருந்தவரும் காரணம் தெரியாமல் சிரித்தார்.

"டேய், அது நெசவு சொசைட்டி ஆளுக்குச் சொன்னதுடா."

"எந்த ஆளு?"

"வாராவாரம் பாக்க வருவாரே, குடை வெச்சிக்கினு. அப்பாவுக்குக் கேரம் போர்டு பைத்தியம். மத்தியானம் கிளப்புக்குப் போனா விளக்கு வெக்கறப்பதான் வருவாரு. வாரத்துக்கு ரெண்டு முழம் ஏறாது. அந்தாளு வந்து எவ்ளோ ஆச்சுன்னு கேட்டா இன்னா சொல்லுவாரு? கேட்டா இழை அறுந்துடும், எங்க வம்சத்துல வழக்கம் இல்லன்னு ஒரு போடு போட்டாரு. அந்தாளு பயந்துட்டான். அப்புறம் வாசல்லயே நின்னுட்டுப் போயிடுவான்."

"இத நீ எனக்குச் சொல்லவேயில்லையே."

"நீ கேக்கவேயில்லையே. கேக்கக் கூடாதுன்னு இருந்தே."

உள்ளறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அம்மா தில்லையம்மாள் குரல் கொடுத்தார். "அந்த போர்டு பரண் மேலதான் இருக்குது. ரெண்டு காய் இல்ல."

நமச்சிவாயம் மாடிக்குப் போனார். பயிற்சிப் பக்கத்தைத் திறந்து தன் பேச்சை அழிக்க வழி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பார்த்தவர்கள் முந்நூற்றுப் பதினொன்று ஆகியிருந்தார்கள்.

மறுநாள் ஒன்பது நாற்பதுக்குத் தன் இடத்தில் உட்கார்ந்து, பொத்தானை அழுத்தி, எழுபத்திரண்டு நாள் வேலையைப் பொது நிரலோடு சேர்த்தார். பிறகு எழுந்து போய் டிவிக்கு எதிரில் நின்றார். பன்னிரண்டு நிமிடம். கையில் காபி ஆறியது. சாம்பல் கட்டம் மஞ்சளாகி ஓடத் தொடங்கியது. ஒன்பது ஐம்பத்திரண்டுக்குச் சிவப்பானது. இருநூற்றுப் பதினான்கு டெஸ்ட்கள்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மெயில் வந்துவிட்டது. முதல் வரியில் நமச்சிவாயம்.

தளத்தில் முந்நூறு பேராவது இருந்தார்கள். நமச்சிவாயம் மெதுவாகத் திரும்பினார். முகத்தை ஒருவாறு தயார் செய்துகொண்டிருந்தார். யாரும் தலை நிமிரவில்லை. ஒரு பெண் சார்ஜர் தேடிக்கொண்டிருந்தாள். விக்ரம் காபி எடுக்க வந்தான்.

"குட் மார்னிங் சார்."

"மெயில் பாத்தியா?"

"எந்த மெயில் சார்?"

"சிவப்பு மெயில்."

"அதுக்கு ஃபில்டர் போட்டுட்டேன் சார். என் பேரு இருந்தா மட்டும்தான் வரும். எல்லாரும் அப்டித்தான் சார் வெச்சிருக்காங்க. ஒரு நாளைக்கு இருபது வருது, எவன் படிப்பான்?" சர்க்கரை போட்டுக் கலக்கினான். "ஏன் சார், யாராவது உடைச்சுட்டாங்களா?"

லில்லி வந்து நின்றாள்.

"சார், பத்து நிமிஷத்துல சரி ஆகுமா?"

"ஆகாது."

"அப்ப எடுத்துடலாம் சார்."

அவள் தன் லேப்டாப்பில் ஏதோ தட்டினாள். சேர்த்தது வெளியே வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பொது நிரல் பச்சையானது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

"யாரும் ஒண்ணும் கேக்கலியே."

"இன்னிக்கு நீங்க ஆறாவது ஆளு சார்."

அவருக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பத்தொன்பது வருடம் காப்பாற்றிய பெயர் கவிழும்போது ஒரு நாற்காலியாவது அசைய வேண்டாமா என்றுதான் இருந்தது. மத்தியானம் சாப்பிடும்போது தானாகவே இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தார். ஒருவர் "அப்படியா" என்றார். இன்னொருவர் தான் போன வாரம் மூன்று தடவை உடைத்த கதையை விரிவாகச் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து லில்லி அவரோடு உட்கார்ந்தாள். எழுபத்திரண்டு நாளைத் துண்டு போட்டார்கள். அவருடைய முடியாத நிரலை இன்னொருவர் படிப்பது அதுதான் முதல் தடவை. அவள் படிக்கும்போது அவர் கூரையைப் பார்த்தார். பிப்ரவரியில் பொது நிரலில் தேதிக் கணக்கு மாறியிருந்தது. இவர் பழையபடியே எழுதி வைத்திருந்தார். தோற்ற டெஸ்ட்களில் பாதி அதனால்தான். ஒரே ஒரு வரி. "பிப்ரவரியில சேர்த்திருந்தா..." என்று ஆரம்பித்த லில்லி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வட்டி போடற இடம் ரொம்ப அழகா இருக்குது சார்," என்றாள். அதுவும் உண்மைதான்.

தினமும் ஒரு துண்டு, சில நாள் மூன்று. இடையில் ஏழு சிவப்புகள். ஆறைப் பத்து நிமிடத்துக்குள் சரி செய்தார். ஒன்றை வெளியே எடுத்தார். ஏழாவது கட்டத்திலிருந்து எண் மறைந்தது.

ஏப்ரல் கடைசியில் டிவியில் ஒரு பட்டியல் வந்தது. மாதத்தில் யார் எத்தனை தடவை சேர்த்தார்கள் என்பது. லில்லி போட்டது அல்ல, கருவி தானாகப் போடுவது. நாலாவது அணியின் யுவன் நாற்பத்தொன்று. அடுத்த பெயர் நமச்சிவாயம், நாற்பது.

அவர் டிவிக்கு எதிரில் வெகுநேரம் நின்றார். பிறகு இடத்துக்கு வந்தார். முப்பதாம் தேதி, மணி மூன்றே முக்கால். நாலரை வரை சேர்க்கலாம். தன் நிரலில் ஒரு குறிப்பு வரியில் எழுத்துப்பிழை இருந்ததைத் திருத்திச் சேர்த்தார். நாற்பத்தொன்று. பச்சை. அதே வரியின் கடைசியில் முற்றுப்புள்ளி இல்லை என்பதைக் கவனித்தார். நாலு இருபதுக்கு அதையும் சேர்த்தார். நாற்பத்திரண்டு.

லில்லி வந்தாள்.

"சார், ஒரு புள்ளிக்குத் தனியா ஒரு பில்டா? ஆறாயிரம் டெஸ்ட் ஓடுது சார்."

"ஓடட்டும்மா. கரண்டு கம்பெனியுதுதானே."

நாலு முப்பத்திரண்டுக்குச் சிவப்பு வந்தது.

நமச்சிவாயம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். புள்ளி வைத்ததால் எதுவும் உடையாது என்று தளத்துக்கே கேட்கும்படி சொன்னார். லில்லி உட்கார்ந்து தேடினாள். அவருக்கு ஒரு நிமிடம் முன்னால் யுவன் சேர்த்ததுதான் உடைத்திருந்தது. இரண்டையும் மெஷின் ஒன்றாக ஓட்டிக் கடைசியாகச் சேர்த்தவர் பெயரைப் போட்டுவிட்டது. யுவன் அதற்குள் தன்னுடையதை வெளியே எடுத்துவிட்டான். கட்டம் பச்சையாகிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுது சார். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"எப்படி முடியும்? என் பேர்ல மெயில் போயிருக்குது. என்னுது இல்லன்னு ஒரு மெயில் போடு."

"யாரும் படிக்க மாட்டாங்க சார்."

"பரவாயில்லம்மா. எல்லாருக்கும் போடு."

லில்லி பையைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே தட்டினாள். மேற்படி சிவப்புக்கும் நமச்சிவாயத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரே வரி. நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு.

திங்கட்கிழமை அவள் சும்மா எடுத்துப் பார்த்தாள். அந்த மெயிலை ஒருவர் திறந்திருந்தார். மூன்று தடவை.